ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இல்லை: பூட் ஆகாத லினக்ஸின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவைப் படிப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு கருப்புத் திரையில் ஆரம்பிக்குது.

லினக்ஸ் பயன்படுத்துறவங்க எல்லாருக்கும் என்னைக்காவது ஒருநாள் இது நடக்கும். சாயங்காலம் அப்டேட் கேட்டது, சரின்னு கொடுத்தீங்க. பட்டியலில் புதுக் கெர்னலும் இருந்தது. மறுநாள் காலையில் ஆன் பண்ணினா, வழக்கமா வர்ற டெஸ்க்டாப் இல்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கடைசி வரியில் ‘கெர்னல் பேனிக்’. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் பண்ண முடியலைன்னு ஒரு புலம்பல். அதுக்கு மேல கீபோர்டு கூட வேலை செய்யாது.

அந்த நேரத்தில் மனசுல ஓடுறது ஒண்ணுதான்: எல்லாம் போச்சு. ப்ராஜெக்ட் போச்சு, போட்டோ போச்சு, நாளைக்குக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட் போச்சு.

பெரும்பாலும் எதுவுமே போயிருக்காது. உங்க ஃபைல் எல்லாம் வெச்ச இடத்திலேயே இருக்கும். வீடு அப்படியே இருக்கு, வாசல் கதவு மட்டும் சிக்கிக்கிச்சு, அவ்வளவுதான். அந்தக் கதவை மறுபடி திறக்க ஒரு வழியும் உங்க மெஷினுக்குள்ளேயே இருக்கும். அந்த வழி எப்படி வந்தது, அதை யாரெல்லாம் யோசிச்சு வெச்சாங்க, தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்கு அது வந்தும் ஏன் முழுசாப் பயன்படலை என்பதுதான் இன்றைய கதை.

செல்ஃப் அடிக்கிற கதை

முதலில் ‘பூட்’ என்றால் என்னன்னு பார்த்துடுவோம். நாமக்கல் பக்கம் போனவங்களுக்கு இது சுலபமாப் புரியும். லாரி பாடி கட்டுற பட்டறை, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, சங்ககிரி லாரி என்று அந்தச் சமவெளியே சக்கரத்து மேலதான் ஓடுது. ஒரு லாரி எப்படி ஸ்டார்ட் ஆகுது? அவ்வளவு பெரிய இன்ஜின் தானாகச் சுத்தாது. பேட்டரி ஒரு சின்ன மோட்டாரைச் சுத்தும். அதைத்தான் டிரைவர்கள் ‘செல்ஃப்’ என்பாங்க. செல்ஃப் இன்ஜினைச் சுத்தும், இன்ஜின் பிடிச்சதும் செல்ஃப் விலகிக்கும்.

கம்ப்யூட்டரிலும் அதே தொடர் ஓட்டம்தான். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் விழிக்கும். அது டிஸ்கில் இருக்கும் ஒரு சின்ன புரோகிராமை எழுப்பும். அதுதான் பூட்லோடர், நம்ம கதையின் செல்ஃப் மோட்டார். பூட்லோடர் கெர்னலை, அதாவது இன்ஜினை, மெமரிக்குக் கொண்டுவந்து ஓட வைக்கும். கெர்னல் ஓடினதும் பூட்லோடர் வேலை முடிஞ்சது. ஆங்கிலத்தில் ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற பேரும் இப்படி வந்ததுதான்: தன் பூட்ஸின் வாரைத் தானே பிடிச்சு, தன்னையே தூக்கிக்கிற மாதிரியான வேலை.

அந்தச் சின்ன புரோகிராம் எவ்வளவு சின்னது தெரியுமா? 1983-ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியும் டாஸ் 2.0-வும் வந்தபோது, ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டை இதற்கென்று ஒதுக்கினார்கள். அதில் பார்ட்டிஷன் கணக்கு, முத்திரை எல்லாம் போக, புரோகிராமுக்கு மிஞ்சுவது 446 பைட். யூனிகோட் தமிழில் எழுதினால் 150 எழுத்துக் குறிகள் கூட அதில் அடங்காது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் உலகத்தின் பெரும்பாலான பிசிகள் இந்தத் துக்கடா இடத்தை நம்பித்தான் கண் விழித்தன. இந்த 446 பைட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி நம்ம ஊர்க் கதையில் மறுபடி வரும்.

நாலு எழுத்து மந்திரம்

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுவதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். செப்டம்பரில் 0.01 பதிப்பு வந்தது. அப்போது லினக்ஸை ஃபிளாப்பி போட்டுத்தான் எழுப்ப வேண்டும்.

1992-ல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் என்பவர் ‘லிலோ’வை எழுதினார். லினக்ஸ் லோடர் என்பதன் சுருக்கம். ஹார்ட் டிஸ்கிலிருந்தே லினக்ஸை எழுப்பலாம், பக்கத்தில் டாஸையும் வெச்சுக்கலாம். லிலோ எழும்போது தன் பெயரின் நாலு ஆங்கில எழுத்துகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு படியைத் தாண்டியதற்கு அடையாளம். நாலும் வந்தால் நிம்மதி. ‘எல்’, ‘ஐ’ என்று இரண்டோடு நின்றால், அன்னைக்குப் பொழுது அவ்வளவுதான். எத்தனை எழுத்து வந்திருக்கு என்பதை வெச்சுத்தான் பழுது எங்கேன்னு கண்டுபிடிப்பாங்க. டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி.

லிலோவுக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. டிஸ்கில் ஃபைல் எப்படி அடுக்கி இருக்குன்னு அதுக்குப் படிக்கத் தெரியாது. கெர்னல் இருக்கும் பிளாக் எண்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கிட்டு அந்த இடத்துக்குப் போகும். நீங்க கெர்னலை மாத்திட்டு, லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்துட்டா? பழைய முகவரிக்கே போய் நிக்கும். அங்கே பழைய கெர்னலும் இருக்கலாம், குப்பையும் இருக்கலாம். அப்டேட் பண்ணினதும் பூட் ஆகாமல் போவது அந்தக் காலத்து லினக்ஸ் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கும் சங்கதி.

அப்போதே ஒரு வழக்கம் உருவானது. கெர்னல் சோர்ஸ் கோடோடு வரும் ரீட்மீ ஃபைலிலேயே அந்த அறிவுரை இருந்தது: புதுசு ஓடும்னு உறுதியாகிற வரை, ஓடுற பழைய கெர்னல் ஒண்ணைக் கையில் வெச்சிரு. டெபியன் இதையே ஏற்பாடாகச் செய்தது. லிலோ மெனுவில் ‘லினக்ஸ்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘லினக்ஸ் ஓல்டு’ என்று இன்னொரு வரி.

லாரிக்காரங்க பாஷையில் சொன்னா, ஸ்டெப்னி.

யோசிச்சுப் பாருங்க, இது ரொம்பப் பணிவான ஒரு எண்ணம். கெர்னல் எழுதுறவங்க உலகத்தின் மிகத் திறமையான புரோகிராமர்களில் சிலர். ஆனாலும் ‘நாங்க கொடுக்கிறது உங்க மெஷினில் ஓடாமல் போகலாம், அதனால் பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க’ என்று அவங்களே சொல்றாங்க. ஆயிரக்கணக்கான விதமான மதர்போர்டு, டிஸ்க், கார்டு இருக்கும் உலகத்தில் எல்லாத்தையும் சோதிச்சுப் பார்க்க யாராலும் முடியாது என்பதை ஒப்புக்கொண்ட ஒரு வடிவமைப்பு அது.

கோழியா முட்டையா?

1995-ல் எரிக் போலின் என்பவர் ‘க்ரப்’ என்ற பூட்லோடரை எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியது லினக்ஸுக்காக இல்லை, க்னூ திட்டத்தின் ஹர்டுக்காக. 1999-ல் அது அதிகாரபூர்வமாக க்னூ மென்பொருள் ஆனது. லிலோவால் முடியாத ஒன்று க்ரப்பால் முடிந்தது: டிஸ்கில் இருக்கும் ஃபைல்களைப் பெயர் சொல்லித் தேடி எடுக்கும். முகவரி மனப்பாடம் தேவையில்லை. மெனுவில் நின்றபடியே வரியைத் திருத்தி, ‘இந்தக் கெர்னலை எடு, இந்தப் பார்ட்டிஷனில் தேடு’ என்று சொல்லலாம். உபுண்டு 2009 அக்டோபரில் வந்த 9.10 பதிப்பில் க்ரப்பின் இரண்டாம் தலைமுறைக்கு மாறியது. லிலோவின் வளர்ச்சி 2015-ன் கடைசியில் நிறுத்தப்பட்டது.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல் வந்தது. நாமக்கல்காரங்களுக்கு ரொம்பப் பரிச்சயமான கேள்விதான்: கோழி முதலா, முட்டை முதலா? டிஸ்கைப் படிக்க டிரைவர் வேணும். அந்த டிரைவரே டிஸ்குக்குள்ளதான் இருக்கு. அப்ப டிஸ்கை எப்படித் திறக்கிறது? அதுக்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னப் பொட்டலம். கெர்னலோடு சேர்த்து இதையும் பூட்லோடர் மெமரியில் ஏற்றிவிடும். தேவையான டிரைவர்கள் உள்ளே இருக்கும். கெர்னல் அதை வெச்சு டிஸ்கைத் திறந்துக்கும்.

ஆரம்பத்தில் சொன்ன கெர்னல் பேனிக்குக்கு ரொம்பப் பொதுவான காரணம் இங்கேதான் இருக்கு. அப்டேட்டின்போது புதுக் கெர்னல் வந்து உட்கார்ந்தது, ஆனா அதற்கான பொட்டலம் சரியாத் தயாராகலை. இன்ஜின் ஓடுது, கதவைத் திறக்கச் சாவி இல்லை. பொட்டலம் ஏன் தயாராகலை? அடிக்கடி கிடைக்கும் பதில் கொஞ்சம் சிரிப்பா இருக்கும்: பூட் பார்ட்டிஷனில் இடம் இல்லை. ஏன் இடம் இல்லை? பழைய கெர்னல் பத்துப் பன்னிரண்டு அங்கேயே குவிஞ்சு கிடக்கு. ஸ்டெப்னி ஒண்ணு வேணும், சரி. லோடு ஏத்த இடமில்லாத அளவுக்கு ஸ்டெப்னி ஏத்தினா என்ன ஆகும்? அதனாலதான் இப்போதைய லினக்ஸ்கள் கணக்கு வெச்சிருக்கு. ஃபெடோரா சாதாரணமாக மூணு கெர்னல் வரை வெச்சுக்கும். உபுண்டுவில் ஆட்டோரிமூவ் கட்டளை பழையதைக் கழிக்கும்போதும் இப்ப ஓடுறதைத் தொடாது.

எல்காட் முதல் இலவச லேப்டாப் வரை

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

2005-ல் மத்திய அரசின் ஆதரவோடு என்ஆர்சிஃபாஸ் என்ற கட்டற்ற மென்பொருள் மையம் உருவானது. சென்னை சிடாக் நிறுவனமும், குரோம்பேட்டையில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தியது. அதிலிருந்து பிறந்ததுதான் பாஸ், அதாவது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும்படி செய்யப்பட்டது.

அதே காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தில் இன்னொரு மாற்றம். அதன் நிர்வாக இயக்குநராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர், அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் வந்தது. லைசென்ஸ் செலவு மிச்சம் என்பது ஒரு காரணம். யாரோ ஒரு கம்பெனியின் முடிவுக்கு அரசு அலுவலகம் காத்திருக்க வேண்டாம் என்பது இன்னொரு காரணம்.

அப்புறம் வந்தது பெரிய அலை. 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று லட்சக்கணக்கான பேருக்கு லேப்டாப். அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் பண்ணினா எது வேணும்னு கேட்கும். டூயல் பூட்.

இந்த இடத்தில் சேலம், நாமக்கல்லைக் கொஞ்சம் யோசிங்க. சேலத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கிய நாமக்கல், பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பேர் போன தனியார் விடுதிப் பள்ளிகளின் ஊர். மாநிலம் முழுக்க இருந்து பணம் கட்டிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தாங்க. ஆனா அரசு லேப்டாப் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அதே ஊரின் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத்தான். அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுறார், அம்மா கோழிப்பண்ணையில் வேலை செய்றாங்க என்ற வீடுகள். அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்ச முதல் கம்ப்யூட்டரே அதுதான். உலகத்தின் பெரிய சர்வர்களில் ஓடுற லினக்ஸ், பள்ளிபாளையத்துத் தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சாதாரண விஷயமா அது?

கரண்ட் இல்லாத ஊரில் அப்டேட்

ஆனா அது எந்தக் காலம்னு பாருங்க. 2008-லிருந்தே தமிழ்நாட்டில் மின் பற்றாக்குறை. 2012-ல் சென்னைக்கு ரெண்டு மணி நேர மின்வெட்டு என்றால், மற்ற மாவட்டங்களில் அந்த வருஷக் கடைசியில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலேயே கரண்ட் இருக்காது. விசைத்தறியும் ஜவ்வரிசி ஆலையும் நின்ற காலம்.

கெர்னல் அப்டேட்டுக்கு இதைவிட மோசமான சூழல் கிடையாது. டெபியன் வகை லினக்ஸில் அப்டேட் படிப்படியாக நடக்கும். முதலில் ஃபைலை விரிக்கும், பிறகு அந்தப் பொட்டலத்தைத் தயாரிக்கும், கடைசியில் க்ரப் மெனுவைப் புதுப்பிக்கும். நடுவில் கரண்ட் போனா, பாதி கட்டின வீடு மாதிரி நிக்கும். லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, உண்மை. ஆனா ரெண்டு வருஷம் ஓடின பேட்டரி எவ்வளவு தாங்கும்? டெஸ்க்டாப் வெச்சிருந்த பிரவுசிங் சென்டருக்கும் பள்ளி லேபுக்கும் யுபிஎஸ் இருந்தால்தான் உண்டு.

இங்கேதான் ஸ்டெப்னியின் அருமை. புதுக் கெர்னல் பழைய ஃபைலின் மேல எழுதாது. பதிப்பு எண்ணோடு தனி ஃபைலா வந்து பக்கத்தில் உட்காரும். அதனால் புதுசு பாதியில் நின்னாலும், பழசு நேத்து இருந்த மாதிரியே இருக்கும். க்ரப் மெனுவுக்குப் போய் முந்தைய கெர்னலை எடுத்தா, வண்டி ஓடும்.

ஆனா இது தெரியணுமே?

அந்த ஆண்டுகளில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடம் ஸ்டார் ஆபீஸும் சி++ உம். பூட் ஆகாத மெஷினை எழுப்புவது பரீட்சைக்கு வரும் பாடம் இல்லை. திரையில் வர்ற செய்தியெல்லாம் ஆங்கிலம். சென்னையில் 1998-லிருந்து லினக்ஸ் பயனர் குழு இருந்தது, மாதா மாதம் கூடினாங்க, சந்தேகம் கேட்கலாம். ராசிபுரத்துப் பிள்ளை எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்தது விண்டோஸ். மெஷின் எழவில்லையா? விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுப்பார். ஆரம்பத்தில் சொன்ன 446 பைட் ஞாபகம் இருக்கா? விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது, யாரையும் கேட்காமல் அந்த இடத்தில் தன் புரோகிராமை எழுதிடும். க்ரப் போச்சு. எது வேணும்னு கேட்கிற மெனுவும் போச்சு. லினக்ஸ் பார்ட்டிஷன் அழிக்கப்படாமல் அப்படியே டிஸ்கில் இருந்தாலும் அதுக்குள்ள போக வாசல் இல்லை. ‘லினக்ஸ் அழிஞ்சிடுச்சு’ என்று மாணவர் நினைப்பார். உண்மையில் அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்? தெரிஞ்சவங்களுக்குப் பத்து நிமிஷம். ஒரு லைவ் சிடி போதும். 2000-ல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாபிக்ஸ் இந்த வகையில் பிரபலமானது: டிஸ்கைத் தொடாமல் சிடியிலிருந்தே முழு லினக்ஸ் ஓடும். அதிலிருந்து எழுந்து, உள்ளே இருக்கும் லினக்ஸைத் திறந்து, ‘சிஎச்-ரூட்’ கட்டளையால் அதற்குள் நுழைந்து, க்ரப்பை மறுபடி பதிக்கலாம். சிஎச்-ரூட் 1979-ன் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புக் காலத்துச் சரக்கு. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் ஆளைக் காப்பாத்துது.

உபுண்டு 2005-லிருந்து ஷிப்இட் என்ற பெயரில் சிடிகளை உலகம் முழுக்கத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தது. பிராட்பேண்ட் இல்லாத ஊர்களுக்கு அது பெரிய விஷயம். அந்தச் சேவை 2011 ஏப்ரலில் நின்றது. செப்டம்பரில் லேப்டாப் வருது. ஐந்து மாச இடைவெளியில் தவறிப்போன சந்திப்பு அது.

அதனாலதான் சொல்றேன்: அரசு கொடுத்த வண்டியில் ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கியும் ஸ்பேனரும் கொடுக்கலை. டயரை எப்படிக் கழற்றி மாட்டணும்னு சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பின்னாடி சில பேர் தாங்களாகவே எடுத்துக்கிட்டாங்க. 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் தமிழிலேயே விளக்கியது. 2018-ல் வந்த பதினோராம் வகுப்புப் புதிய பாடப்புத்தகத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டுவும் இடம்பிடித்தது. நல்ல விஷயம். ஆனா முதல் லேப்டாப் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் கழிச்சு.

பெரியவங்களுக்கும் நடக்கும்

இதெல்லாம் பழைய லேப்டாப், சின்ன ஊர் பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. மூணு சம்பவம் சொல்றேன்.

2018 ஜனவரி. இன்டெல் பிராசஸர்களில் ‘மெல்ட்டவுன்’ என்ற ஓட்டை வெளியானது. அவசர அவசரமாக உபுண்டு புதுக் கெர்னல் கொடுத்தது, 4.4.0-108. அதைப் போட்ட 16.04 மெஷின்கள் பல பூட் ஆகவில்லை. உடனடியாக 109 வந்தது. நடுவில் மாட்டிக்கிட்டவங்க என்ன பண்ணினாங்க? க்ரப் மெனுவில் பழைய கெர்னலை எடுத்து எழுப்பினாங்க. ஸ்டெப்னி வேலை செய்தது.

2020 ஜூலை 29. க்ரப்பிலேயே ‘பூட்ஹோல்’ என்ற ஓட்டை இருப்பது வெளியானது. ரெட்ஹேட் கொடுத்த திருத்தத்தைப் போட்டதும் பல சர்வர்கள் எழவே இல்லை. இந்தத் தடவை பழைய கெர்னல் உதவவில்லை. ஏன்னா கெட்டுப்போனது இன்ஜின் இல்லை, செல்ஃப். மெனுவே வராதபோது எதைத் தேர்ந்தெடுக்கிறது? வெளியிலிருந்து எழுப்பி, பழைய க்ரப்பை மறுபடி பதிக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிஷ வேலைதான். ஆனா ஆயிரம் சர்வர் இருந்தா?

2024 ஆகஸ்ட். விண்டோஸின் மாதாந்திர அப்டேட் ஒன்று, டூயல் பூட் மெஷின்களில் பக்கத்தில் இருந்த லினக்ஸை எழவிடாமல் செய்தது. இப்போது 446 பைட் காலம் போய், யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் காலம். நம்பிக்கையான கையெழுத்து இருந்தால்தான் பூட்லோடர் ஓடும். பாதுகாப்பில்லாத பழைய பூட்லோடர்களைத் தடுக்கப் போட்ட அப்டேட், டூயல் பூட் இருந்த இடத்தில் போகக்கூடாது என்றே திட்டம். ஆனாலும் போய்ச் சேர்ந்தது. தொழில்நுட்பம் மாறிடுச்சு, கதை மாறலை: ஒரே டிஸ்கில் ரெண்டு பேர் குடியிருந்தா, ஒருத்தர் செய்ற வேலை இன்னொருத்தர் வாசலை அடைக்கலாம்.

அப்ப நாம என்ன பண்றது?

வரலாறு கேட்டாச்சு, கைவேலையும் கொஞ்சம் பார்த்துடுவோம்.

முதலில், பதறி எதையும் ஃபார்மேட் பண்ணாதீங்க. மெஷினை ஆன் பண்ணும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் பட்டனை அழுத்தினா க்ரப் மெனு வரும். பழைய பயாஸ் மெஷினுக்கு ஷிஃப்ட், யுஇஎஃப்ஐ மெஷினுக்கு எஸ்கேப். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய், மேலே இருக்கும் புதுக் கெர்னலை விட்டுட்டு அடுத்ததை எடுங்க. எழுந்ததா? பாதி பிரச்சினை தீர்ந்தது.

எழுந்ததும் முதலில் முக்கியமான ஃபைலை பென்டிரைவில் எடுத்துக்கோங்க. அடுத்து பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கான்னு பாருங்க. நிறைஞ்சிருந்தா பழைய கெர்னல்களில் வேண்டாததை நீக்கலாம். ஆனா இப்ப ஓடிக்கிட்டிருக்கிற கெர்னல் எதுன்னு ‘யூநேம் ஹைஃபன் ஆர்’ போட்டுப் பார்த்துட்டு, அதை விட்டு வைங்க. உபுண்டு, டெபியன் வகைகளில் பாதியில் நின்ன அப்டேட்டை முடிக்க, பொட்டலத்தை மறுபடி தயாரிக்க, மெனுவைப் புதுப்பிக்கத் தனித்தனிக் கட்டளை இருக்கு. இந்த வரிசையிலேயே செய்யணும். மெனுவே வரலைன்னா லைவ் பென்டிரைவ்தான் வழி. அதனால் மெஷின் நல்லா இருக்கும்போதே ஒண்ணு தயார் பண்ணி மேஜை டிராயரில் போட்டு வைங்க. பஞ்சர் ஆன பிறகு ஜாக்கி வாங்க யாரும் கடை தேட மாட்டாங்க இல்லையா?

இதை ஏன் இப்ப சொல்றேன்னா, 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் இன்னொரு அலை அறிவிக்கப்பட்டது. ரெண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட். பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு என்று நிறையப் பேசுவாங்க. கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கு: காலையில் அது எழலைன்னா, அந்தப் பிள்ளைக்கு என்ன பண்ணணும்னு தெரியுமா? ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, கல்லூரிக்கு ரெண்டு சீனியர் மாணவர்கள், ஒரு லைவ் பென்டிரைவ். இவ்வளவு இருந்தா போதும், நிறைய மெஷின் கடைக்குப் போகாமல் தப்பிச்சிடும்.

உங்க வீட்டில், தெருவில், பழைய அரசு லேப்டாப் ஏதாவது பரண்ல கிடந்தா எடுத்துப் பாருங்க. விண்டோஸ் மட்டும்தான் தெரியுதா? பார்ட்டிஷன் பட்டியலைத் திறங்க. அடையாளம் தெரியாத ஒரு பார்ட்டிஷன் பத்து வருஷமா யாரும் கதவைத் தட்டாமல் உள்ளே காத்திருக்கலாம். அதுதான் அந்த பாஸ் லினக்ஸ். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.